அறுந்த மவுண்ட்டை உடனே எறிந்துவிடாதீர்கள்: பழைய கமாரோவில் கியர்பாக்ஸ் மவுண்ட் திரும்பத் திரும்பப் பழுதாவதன் காரணத்தைக் கண்டறியும் முறை

இரண்டு இரும்புத் தகடுகள், அவற்றுக்கிடையே சூடேற்றி ஒட்டப்பட்ட ஒரு ரப்பர்க் கட்டி: பழைய அமெரிக்க மசில் கார்களில் கியர்பாக்ஸைத் தாங்கிநிற்கும் மவுண்ட் என்பது இவ்வளவுதான். விலை குறைவு, சில போல்ட்டுகளைக் கழற்றினால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இந்த எளிமைதான் பலரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடுகிறது. மவுண்ட் அறுந்தால் புதியது போடுகிறார்கள்; அது ஆறு மாதத்தில் அறுந்தால் ரப்பர் மட்டம் என்று சொல்லி வேறு நிறுவனத்துடையதைப் போடுகிறார்கள்; அதுவும் அறுந்தால் ரப்பரே வேண்டாம் என்று முழு இரும்பால் ஆன மவுண்ட்டுக்குப் போகிறார்கள். மூன்றாவது முடிவு மிகவும் ஆபத்தானது. ஏனென்றால் அதுவரை மலிவான ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அடியை இனி கியர்பாக்ஸின் அலுமினிய உடல் வாங்க வேண்டியிருக்கும். முதல் மவுண்ட் அறுந்தபோது ரப்பரின் மீது சந்தேகப்படுவது நியாயம். வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு மவுண்ட்டுகள் ஒரே விதமாக அறுந்திருந்தால், பழுது மவுண்ட்டில் இல்லை, அதன்மேல் வேண்டாத சுமையை ஏற்றும் வேறோர் இடத்தில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இக்கட்டுரை 1967 முதல் 1969 வரையிலான முதல் தலைமுறை செவ்ரோலே கமாரோவை முன்வைத்து எழுதப்படுகிறது. அதே அடித்தளத்தில் உருவான போன்டியாக் ஃபயர்பேர்டுக்கும் இதில் சொல்லப்படுபவை பெரும்பாலும் பொருந்தும். செவெல் போன்ற முழுச் சட்டக வண்டிகளுக்கு அளவுகள் மாறும், ஆராயும் முறை மாறாது. கமாரோவின் முன்பகுதியில் தனியாகப் போல்ட் போட்டு இணைக்கப்பட்ட ஒரு சப்ஃபிரேம், அதாவது துணைச் சட்டகம், இருக்கிறது. என்ஜினின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு மவுண்ட், பின்னால் கியர்பாக்ஸின் வால்பகுதிக்கு அடியில் ஒன்று என மூன்றே இடங்களில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த முழுக் கூட்டும் அந்தச் சப்ஃபிரேமின்மேல் அமர்ந்திருக்கிறது. பின்மவுண்ட்டைத் தாங்குவது குறுக்காகச் செல்லும் கிராஸ்மெம்பர். முக்காலியின் ஒரு கால் தளர்ந்தால் அதன் சுமை மற்ற இரண்டுக்கும் போவதைப் போல, இந்த மூன்றில் எது தளர்ந்தாலும் மற்றவை அதற்காக வேலை செய்கின்றன. அறுந்தது பின்மவுண்ட் என்பதால் குற்றவாளியும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

அந்தச் சுமை எவ்வளவு என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 1969 ஆம் ஆண்டின் 300 குதிரைத்திறன் கொண்ட 350 கன அங்குல என்ஜினுக்கு அறிவிக்கப்பட்ட முறுக்குவிசை 380 பவுண்டு-அடி, அதாவது சுமார் 515 நியூட்டன் மீட்டர். டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 2.52. முதல் கியரில், கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்குச் செல்லும் முறுக்குவிசை, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள டார்க் கன்வர்ட்டர் பெருக்கித் தருவதைச் சேர்க்காமலே 1,300 நியூட்டன் மீட்டரை எட்டிவிடுகிறது. ஷாஃப்ட்டை ஒரு திசையில் முறுக்கும் அதே அளவு விசை, என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த கூட்டை எதிர்த்திசையில் முறுக்குகிறது. இதைத் தாங்க வேண்டியவை முன்னால் இருக்கும் இரு என்ஜின் மவுண்ட்டுகள். பின்மவுண்ட்டின் வேலை வால்பகுதியின் எடையைச் சுமப்பதும் அது அலையாமல் பார்த்துக்கொள்வதும்தான்; உருளும் விசையைத் தாங்கும் அகலம் அதற்குக் கிடையாது.

அறுந்த மவுண்ட் சொல்லும் சாட்சியம்

கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மவுண்ட்டின் மேல்தகட்டில் வண்டியின் முன்பக்கம் எது, ஓட்டுநர் பக்கம் எது என்று பெயின்ட் குச்சியால் குறியிடுங்கள். கழற்றிய பிறகு இந்தத் திசைகளை நினைவிலிருந்து சொல்ல முடியாது. திசை தெரியாத மவுண்ட்டிலிருந்து பாதிச் செய்திதான் கிடைக்கும்.

பிறகு அறுந்த முகத்தைப் பாருங்கள். தகட்டில் ரப்பரின் சுவடே இல்லாமல் இரும்பு வழவழப்பாகத் தெரிந்தால், ஒட்டு விட்டிருக்கிறது. அது தயாரிப்புக் குறையாகவோ எண்ணெய் உள்ளே ஊறியதாகவோ இருக்கலாம். இரண்டு தகடுகளிலும் ரப்பர் ஒட்டியிருந்து, நடுவில் பிய்ந்திருந்தால் ஒட்டு நன்றாகத்தான் இருந்தது, சுமைதான் மிகுந்துவிட்டது. ரப்பர் உப்பி, பிசுபிசுப்பாகி, விரலால் அழுத்தினால் குழைந்தால் காரணம் எண்ணெய். மேற்பரப்பு கறுத்து இறுகி, வறண்ட களிமண் தரையைப் போல வெடித்திருந்தால் வெப்பம். போல்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்து, தகட்டின் விளிம்பு பளபளத்தால் அந்த மவுண்ட் நெடுநாள் தளர்ந்த நிலையில் ஆடியிருக்கிறது.

கிழிசலின் திசையே எல்லாவற்றிலும் பெரிய சாட்சியம். ஒரு பக்கத்து விளிம்பில் தொடங்கி மறுபக்கத்துக்குத் திருகலாகப் போயிருந்தால், கூட்டு உருண்டிருக்கிறது. என்ஜின் மவுண்ட்டுகளைப் பார்க்க வேண்டும். முன்னிருந்து பின்னாகவோ பின்னிருந்து முன்னாகவோ நேராகக் கிழிந்திருந்தால், கிராஸ்மெம்பரின் இடம், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம், முன்னும் பின்னும் நகரவிடும் என்ஜின் மவுண்ட் ஆகிய மூன்றில் ஒன்று. குறிப்பிட்ட கிழிசல் எதுவும் இல்லாமல் ரப்பர் முழுவதும் நைந்து பொடிந்திருந்தால், ஓயாத அதிர்வு. ஒரே மவுண்ட்டில் இரண்டு அறிகுறிகளும் இருப்பது வழக்கமே: எண்ணெயில் ஊறி இளகிய ரப்பர் சாதாரண சுமையிலும் கிழியும். அப்போது எண்ணெயை முதல் காரணமாகக் கொண்டு, அதைச் சரிசெய்த பிறகே மற்றதைத் தேட வேண்டும்.

முதலில் என்ஜின் மவுண்ட்டுகள்

என் அனுபவத்தில் இந்தப் பழுதின் மூலம் பெரும்பாலும் இங்கேதான் கிடைத்திருக்கிறது. இந்த வண்டிகளின் என்ஜின் மவுண்ட்டுகளுக்கு ஒரு வரலாறே உண்டு. 1965 முதல் 1969 வரை வெளிவந்த செவ்ரோலேக்களில் இடப்பக்க என்ஜின் மவுண்ட் பிரிந்தால் என்ஜின் மேலே எழும்பும், அதனால் ஆக்சிலரேட்டர் இணைப்பு இழுபட்டுத் திறந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும் என்ற குறைக்காக, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1971 டிசம்பரில் சுமார் 67 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. மவுண்ட் பிரிந்தாலும் என்ஜின் எழும்பாதபடி தடுக்கும் ஒரு கம்பிவடம் அப்போது பொருத்தப்பட்டது. பின்னாளில் வந்த மவுண்ட்டுகளில் ரப்பர் அறுந்தாலும் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் அமைப்பு இருந்தது. இந்த அமைப்பு உயிரைக் காக்கிறது. அதே நேரத்தில், அறுந்த மவுண்ட்டை வெளிப்பார்வைக்கு நல்லதாகக் காட்டியும் விடுகிறது. ஆகவே கண்ணால் பார்த்ததோடு நிறுத்தக்கூடாது.

சோதனை இப்படி: வண்டியைச் சமதரையில், முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். கை பிரேக்கைப் போட்டு, நம்பகமான ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திக் கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து நீங்கள் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருபோதும் நிற்காதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் முன்னோக்கிய கியரில் மிகச் சிறிதளவே ஆக்சிலரேட்டரைத் தரச் சொல்லிப் பாருங்கள். என்ஜினின் ஓட்டுநர் பக்கம், அதாவது வண்டியின் இடப்பக்கம், மேலெழும்ப முயலும். அரை அங்குல அசைவு இயல்பு. ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பி, விட்டவுடன் ‘டக்’ என்ற ஒலியோடு விழுந்தால் அந்த மவுண்ட் போய்விட்டது. ரிவர்ஸ் கியரில் இதையே செய்தால் விசையின் திசை மாறி வலப்பக்கம் எழும்பும். பலரும் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மேனுவல் கியர்பாக்ஸ் வண்டியில் கிளட்ச்சைப் பாதி விட்டுச் சோதிப்பதைவிட, என்ஜினை நிறுத்திவிட்டு, மவுண்ட்டுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே நெம்புகோலைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பது பாதுகாப்பானது. என்ஜினை ஜாக்கியால் தூக்கிப் பார்க்க நினைப்பவர்கள் ஆயில் சம்ப்பின் அடியில் ஜாக்கியை வைக்க வேண்டாம்; எண்ணெய் உறிஞ்சும் குழாய் சம்ப்பின் தரைக்கு மிக அருகில் இருக்கிறது, சம்ப் உள்வாங்கினால் அதன் வாய் அடைபடும்.

மவுண்ட்டுகள் நல்லவை என்றால் அவற்றின் வகையைப் பாருங்கள். முன்னால் இளகிய ரப்பரும் பின்னால் இறுகிய பாலியூரித்தேனோ முழு இரும்போ இருக்கும் சேர்க்கைதான் மிக மோசமானது. முன்பகுதி உருள விரும்ப, பின்பகுதி மறுக்க, நடுவே இருக்கும் கியர்பாக்ஸ் உடல் முறுக்கப்படுகிறது. கியர்பாக்ஸின் வால்பகுதி உறையான டெயில் ஹவுசிங்கில் மவுண்ட் பொருந்தும் காது உடைவது இப்படித்தான். சாலையில் ஓட்டும் வண்டிக்கு மூன்றிலும் ரப்பர் போதும் என்பது என் கருத்து. பாலியூரித்தேன் வேண்டுமென்றால் மூன்றிலும் அதையே போடுங்கள். பந்தயத்துக்காக முன்னால் இரும்பு மவுண்ட் போட்டிருப்பவர்கள் பின்னால் சற்று நெகிழும் ஒன்றையே வைத்திருக்க வேண்டும்.

கிராஸ்மெம்பரும் அதன் இடமும்

வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தி, கியர்பாக்ஸை அகலமான மரப்பலகை வைத்த ஜாக்கியால் எடை தாங்குமளவுக்கு மட்டும் தாங்கிக்கொண்டு, மவுண்ட் போல்ட்டுகளை முழுமையாகக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையிருக்காது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது பாருங்கள்: மவுண்ட்டின் துளையும் கிராஸ்மெம்பரின் துளையும் தாமாக நேருக்கு நேர் நிற்கின்றனவா? போல்ட்டைக் கையாலேயே திருகி ஏற்ற முடிய வேண்டும். நெம்புகோலால் தள்ளிப் பிடித்தால்தான் போல்ட் ஏறுகிறது என்றால், வண்டி நகரும் முன்பே அந்த ரப்பர் இழுபட்ட நிலையில் இருக்கிறது. கால் அங்குல இழுவைகூட நாள் முழுவதும், என்ஜின் ஓடாதபோதும், ரப்பரை வருத்திக்கொண்டே இருக்கும்.

கியர்பாக்ஸ் மாற்றப்பட்ட வண்டிகளில் இந்தப் பழுதைக் கட்டாயம் எதிர்பார்க்கலாம். என்ஜினோடு சேரும் முகத்திலிருந்து பின்மவுண்ட் வரையிலான தூரம் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 இல் சுமார் இருபது அங்குலத்துக்குச் சற்று மேல்; டர்போ ஹைட்ராமேட்டிக் 400 இல் சுமார் இருபத்தேழு அங்குலம்; 1982 இல் அறிமுகமாகி இன்று பல பழைய கமாரோக்களில் ஏற்றப்படும் நான்கு வேக 700ஆர்4 இல் சுமார் இருபத்திரண்டரை அங்குலம். ஆகவே டர்போ ஹைட்ராமேட்டிக் 350 ஐ எடுத்துவிட்டு 700ஆர்4 ஐ ஏற்றினால் கிராஸ்மெம்பர் ஏறத்தாழ இரண்டு அங்குலம் பின்னால் போக வேண்டும். அதற்குரிய கிராஸ்மெம்பரை வாங்காமல், இருக்கும் துளைகளை அரத்தால் நீட்டி ஒப்பேற்றிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று இரண்டு ஆண்டுகளில் மூன்று மவுண்ட்டுகளைத் தின்றது. மூன்று முறையும் மாற்றிக்கொடுத்த பணிமனையில் துளைகள் ஏன் நீண்டிருக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிராஸ்மெம்பரின் நடுப்பகுதியில் விரிசல் இருக்கிறதா, பழைய ஜாக்கி அடியால் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சப்ஃபிரேமை உடலோடு இணைக்கும் ரப்பர் புஷ்கள் ஐம்பது ஆண்டுப் பழையவையாக இருந்தால், சப்ஃபிரேமே ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்திருக்கும்.

ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும்

முன்பின்னாகக் கிழிந்த மவுண்ட்டுக்கு இன்னொரு காரணம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சற்று நீளமாக இருப்பது. ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ள வழுக்கு யோக், பின்சக்கரங்கள் மேலும் கீழும் போகும்போது கியர்பாக்ஸுக்குள் நகர்ந்துகொடுக்கிறது. உள்ளே இடமில்லையென்றால், பெரிய பள்ளத்தில் விழும்போது யோக் முட்டி, முழுக் கியர்பாக்ஸையும் முன்னால் தள்ளுகிறது. 700ஆர்4 கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 ஐ விட ஏறத்தாழ மூன்று அங்குலம் நீளம் என்பதால், ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்காமல் பொருத்திய வண்டியில் இது நடந்தே தீரும். வண்டி தன் எடையில் நிற்கும்போது, யோக் முழுவதும் உள்ளே போவதற்கு இன்னும் முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை மிச்சம் இருக்க வேண்டும். யோக்கின் வழவழப்பான பகுதியில் டேப் ஒட்டிக் குறியிட்டு, ஷாஃப்ட்டைப் பின்னால் கழற்றி உள்ளே தள்ளி அளந்தால் தெரிந்துவிடும்.

கோணம் சற்று நுணுக்கமானது. ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யூ-ஜாயின்ட் என்ற மடங்கும் இணைப்பு கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்குகிறது. முன் ஜாயின்ட்டின் கோணமும் பின் ஜாயின்ட்டின் கோணமும் சமமாகவும் எதிராகவும் இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று நீக்கிவிடும். இல்லாவிட்டால் அது அதிர்வாக மவுண்ட்டுக்குப் போகும். 3.31 பின்னச்சு விகிதமும் 26 அங்குல விட்டமுள்ள சக்கரமும் கொண்ட வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,650 முறை சுற்றும். மவுண்ட்டுக்கு அதே நிமிடத்தில் சுமார் 5,300 அடிகள் விழும். ரப்பர் நைந்து பொடிவது இப்படித்தான். எண்கள் தெரியும் கோணமானியை எடுத்துக்கொண்டு, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் நிலையில், கியர்பாக்ஸின் வெளிவரு அச்சு, ஷாஃப்ட், அது சுழற்றும் பின்னச்சுப் பல்சக்கரமான பினியன் ஆகிய மூன்றின் சரிவையும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டின் கோணமும் மூன்று டிகிரிக்குள், இரண்டுக்குமிடையே வேறுபாடு ஒரு டிகிரிக்குள் இருப்பது நல்லது. வண்டியைத் தாழ்த்தியிருந்தாலோ, பின்பட்டை ஸ்பிரிங்குகளை மாற்றியிருந்தாலோ, முந்தையதைவிட உயரமான மவுண்ட்டைப் போட்டிருந்தாலோ இந்தக் கணக்கு கலைந்திருக்கும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: புதிய மவுண்ட் வந்ததும் அதன் உயரத்தைப் பழையதோடு ஒப்பிட்டு அளப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஷாஃப்ட்டின் சமநிலை, யூ-ஜாயின்ட் கிராஸின் தேய்மானம், டெயில் ஹவுசிங்கின் புஷ் ஆகியவற்றையும் இதே நேரத்தில் பாருங்கள். யோக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தெளிவான ஆட்டம் தெரியக்கூடாது. தேய்ந்த புஷ் இரண்டு விதத்தில் மவுண்ட்டைக் கெடுக்கிறது: அதிர்வைத் தருகிறது, கூடவே ஆயில் சீலையும் தேய்த்து எண்ணெயைக் கசியவிடுகிறது.

எண்ணெய், வெப்பம், துள்ளல்

எண்ணெய் விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஓடும் வண்டியின் அடியில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டு போவதால், என்ஜினின் பின்பக்கக் கசிவும் மவுண்ட்டில் வந்து சேரும். நிறத்தையும் மணத்தையும் கொண்டு தொடங்குங்கள்: சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், கறுப்பாக இருந்தால் என்ஜின் எண்ணெய், கந்தக நெடி வந்தால் மேனுவல் கியர்பாக்ஸின் கியர் எண்ணெய். அடிப்பகுதி முழுவதையும் கழுவிக் காயவைத்து, முகப்பவுடரை மெல்லத் தூவி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்த்தால் ஈரக்கோடு தொடங்கும் இடம் தெரியும். டெயில் ஹவுசிங் சீல், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்துச் சீல், கியர் மாற்றும் அச்சின் சீல், வெற்றிட மாடுலேட்டர் ஆகியவை இந்தக் கியர்பாக்ஸ்களில் வழக்கமாகக் கசியும் இடங்கள்.

சைலன்சர் குழாய் மவுண்ட்டுக்கு மிக அருகில் சென்றால் நடுவே ஒரு வெப்பத் தகடு வையுங்கள். அந்தக் குழாய் கிராஸ்மெம்பரோடு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். என்ஜின் அசையும்போது குழாயும் அசைய வேண்டும்; அதைச் சட்டகத்தோடு பிணைத்துவிட்டால் அது யாரும் கேட்காத நான்காவது மவுண்ட்டாக மாறிவிடும்.

பின்சக்கரத் துள்ளல் இந்த வண்டிகளின் பிறவிக் குறை. 1967 ஆம் ஆண்டுக் கமாரோவின் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்குகள் வேகமாகக் கிளம்பும்போது முறுகித் துள்ளின. 1968 இல் பின் ஷாக் அப்சார்பர்களை ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றொன்று பின்னுமாக வைத்து அதைக் குறைத்தார்கள். துள்ளும் சக்கரம் தரையைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சம்மட்டி அடி போன்ற ஒன்று ஷாஃப்ட் வழியாக முன்னால் வருகிறது. துள்ளல் இருக்கும்வரை எந்த மவுண்ட்டும் நிலைக்காது. பட்டைகளின் கண் புஷ்களையும் ஷாக்குகளையும் முதலில் சரிசெய்யுங்கள்.

புதிய மவுண்ட்டைப் பொருத்துதல்

காரணம் தெரிந்து, அது சரிசெய்யப்பட்ட பிறகே புதிய மவுண்ட்டை எடுங்கள். மூன்று மவுண்ட்டுகளின் போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, ஜாக்கியை எடுத்துவிட்டு, வண்டியைச் சக்கரங்களில் இறக்குங்கள். என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள்; கூட்டு தன் இயல்பான இடத்தில் அமரும். பிறகு முன்மவுண்ட்டுகளை இறுக்கி, அடுத்துக் கிராஸ்மெம்பரை இறுக்கி, கடைசியாகப் பின்மவுண்ட்டை இறுக்குங்கள். இறுக்கும் அளவை அந்த ஆண்டின் செவ்ரோலே சேவைக் கையேட்டில் பார்த்து டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். டெயில் ஹவுசிங் அலுமினியம் என்பதால், போல்ட் மிக நீளமாக இருந்து துளையின் அடியில் முட்டினால் இறுகியதைப் போலத் தோன்றும், ஆனால் தகடு தளர்வாகவே இருக்கும். பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

முடித்ததும் மவுண்ட்டின் மேல்தகட்டிலிருந்து கிராஸ்மெம்பர் வரை நேராக ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுங்கள். தகடுகளுக்கிடையிலான இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவையுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அடியில் போய்ப் பாருங்கள். கோடு நேராகவும் நான்கு அளவுகளும் மாறாமலும் இருந்தால் போல்ட்டுகளின் இறுக்கத்தை மட்டும் சோதித்தால் போதும். கோடு முறிந்திருந்தால், மேல்பாதி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் திசைக்குரிய சோதனையை மறுபடி தொடங்குங்கள்.